ஜப்பானில் கப்பல் ஏறும் முன், இறங்கிய பின்: ரூம் எங்கே போடுவது?

ஜப்பானைச் சுற்றிவரும் க்ரூஸில் இரண்டு முறை போய்வந்த பாவத்துக்கு, 'ஹோட்டல் எங்கே போடலாம்?' என்று கேட்டு யாராவது அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். என் கணக்கு எளிது: ரூமை முடிவு செய்ய வேண்டியது ஜன்னல் காட்சியோ ஸ்டாரோ அல்ல, உங்கள் பெட்டி. அதை உருட்டிக்கொண்டு ஹோட்டல் வாசலிலிருந்து கப்பல் முனையம் வரை எத்தனை படி, எத்தனை வண்டி மாற்றம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிக்கெட்டில் 'டோக்கியோ' என்று இருக்கிறது. டோக்கியோவில் ரூம் போட்டுவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். கப்பல் கம்பெனிகள் பெயர் பெற்ற ஊரைச் சொல்லித்தான் டிக்கெட் விற்பார்கள். 'டோக்கியோ' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் சின்னதாக 'யோகோஹாமா' என்று இருக்கும். 'ஃபூஜி மலை' என்றால் ஷிமிஸு. 'கியோட்டோ' என்றால் ஒசாகாவாக இருக்கலாம், கோபேயாக இருக்கலாம், மைஸுருவாகவும் இருக்கலாம். மைஸுரு கியோட்டோ மாகாணத்தில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த கோயில்களிலிருந்து மலைகளைத் தாண்டி, ஜப்பான் கடல் ஓரத்தில்.

ஊர் தெரிந்தால் மட்டும் போதாது, எந்தத் துறை என்றும் தெரிய வேண்டும். யோகோஹாமாவில் முக்கியமாக மூன்று இருக்கின்றன. ஓசான்பாஷி நகரின் மடியிலேயே இருக்கிறது. ஹாமர்ஹெட் என்று சொல்லும் ஷின்கோ துறை அதற்குப் பக்கத்தில். தைகோகு மட்டும் தள்ளி, சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே. எது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஒரு பாலம். யோகோஹாமா பே பாலத்துக்கும் கடலுக்கும் இடையே சுமார் 55 மீட்டர்தான் இடைவெளி. அதைவிட உயரமான கப்பல் அடியில் நுழைய முடியாது, தைகோகுவில்தான் நிற்கும். டோக்கியோவிலும் இதே கதை. ரெயின்போ பாலத்தின் அடியில் சுமார் 52 மீட்டர்தான் என்பதால், பெரிய கப்பல்களுக்காகப் பாலத்துக்கு வெளியே ஆவோமியில் 2020 செப்டம்பரில் புது முனையம் திறந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, உங்கள் கப்பல் நிற்கும் துறையின் பெயரை வாங்கி எழுதி வைப்பது. அது தெரியாமல் ரூம் போடாதீர்கள்.

யோகோஹாமாதான் என்று தெரிந்துவிட்டது. முந்தின இரவு எங்கே தங்கலாம்?

யோகோஹாமாவிலேயே தங்குங்கள். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், அது உண்மை. ஆனால் காலை எட்டு மணிக்கு டோக்கியோ ரயிலில் இரண்டு பெரிய பெட்டியோடு ஏறிப் பார்த்தவர்கள் அந்த அரை மணி நேரத்தைச் சுலபத்தில் மறக்க மாட்டார்கள்.

ஓசான்பாஷி என்றால் கன்னாய், நிஹோன்-ஓதோரி, சைனாடவுன் பக்கம் பாருங்கள். மினாதோமிராய் ரயிலில் நிஹோன்-ஓதோரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஏழெட்டு நிமிடத்தில் முனையம். அதன் கூரையே மரப்பலகை பதித்த பெரிய நடைமேடை. ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் அதைத் திமிங்கிலத்தின் முதுகு என்கிறார்கள். முந்தின நாள் மாலை பெட்டி இல்லாமல் ஒரு நடை போய்ப் பாருங்கள். வழியும் தெரிந்துவிடும், மறுநாள் பதற்றமும் இருக்காது.

கையில் கொஞ்சம் காசு இருந்தால், யமாஷிதா பூங்காவுக்கு எதிரே 1927இல் திறந்த ஹோட்டல் நியூ கிராண்ட் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்தில் நகரம் தரைமட்டமான பிறகு எழுந்தது. அந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டி நிரப்பிய இடம்தான் எதிரே இருக்கும் பூங்கா. பழைய கட்டடத்தின் மாடிப்படியை ஏறிப் பார்க்கவே ஒரு காபி குடிக்கலாம்.

தைகோகு என்றால் கணக்கு மாறும். அங்கே ரயில் கிடையாது, நடந்தும் போக முடியாது. பெட்டியோடு போக கப்பல்காரர்களின் ஷட்டில் பஸ் அல்லது டாக்ஸிதான் வசதி. ஷட்டில் எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டு, அந்த இடத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் யோகோஹாமா ஸ்டேஷன் அல்லது சகுராகிச்சோ பக்கம், ரூம் போடுங்கள்.

டோக்கியோ முனையமே என்றால்?

முனையத்துக்குப் பக்கத்திலேயே யுரிகாமோமே ரயிலின் ஸ்டேஷன் இருக்கிறது, முனையத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஓட்டுநர் இல்லாமல் உயரத்தில் ஓடும் சின்ன ரயில். ஷிம்பாஷியிலிருந்து சுமார் 20 நிமிடம். ஓதாய்பாவில் தங்கினால் இன்னும் பக்கம்தான், ஆனால் கடைகண்ணிகளைத் தாண்டி அங்கே மாலையில் பெரிதாக எதுவும் இல்லை. நானாக இருந்தால் ஷிம்பாஷி அல்லது ஹிகாஷி-கின்ஸா. காரணம் அசாகுசா என்ற மெட்ரோ பாதை. அந்தப் பாதை ரயில்களில் சில ஹனேதா விமான நிலையத்துக்கும், சில நரிதாவுக்கும் வண்டி மாறாமல் நேரே போகும். விமானம், ஹோட்டல், கப்பல் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். பட்ஜெட் குறைவு என்றால் அதே பாதையில் அசாகுசா ஸ்டேஷன் பக்கம் பாருங்கள்.

ஷின்ஜுகு எல்லோரும் சொல்லும் பெயர். ஊர் சுற்ற நல்ல இடம்தான். ஆனால் அந்த ஸ்டேஷனில் பெட்டியோடு சரியான வாசலைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவது மாதிரி.

ஒசாகா, கோபே?

கோபே முனையம் ரொம்பச் சுலபம். சன்னோமியாவில் தங்குங்கள். அங்கிருந்து போர்ட்லைனர் ரயிலில் ஐந்து நிமிடத்தில் போர்ட் டெர்மினல் ஸ்டேஷன், கப்பல் கண்ணெதிரே. சன்னோமியாவிலிருந்து ஒசாகாவுக்கு விரைவு ரயிலில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மலைப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறி நடந்தால் கிதானோ. முத்து வியாபாரத்துக்காக வந்து தங்கிய இந்தியக் குடும்பங்கள் கட்டிய ஜைனக் கோயில் அங்கே இருக்கிறது, வெள்ளைப் பளிங்கில். சைவச் சாப்பாடு தேடுபவர்களுக்கு அந்தச் சுற்றுவட்டாரம் ஆறுதல்.

ஒசாகாவில் கப்பல் நிற்பது தெம்போசானில், பெரிய மீன் காட்சியகத்துக்குப் பக்கத்தில். ஒசாகாகோ ஸ்டேஷன். அது இருக்கும் சூவோ மெட்ரோ பாதையிலேயே ஹொம்மாச்சியில் தங்கினால், ஒரு பக்கம் நேரே துறைமுகம், இன்னொரு பக்கம் மிதோசுஜி பாதையில் புல்லட் ரயில் நிற்கும் ஷின்-ஒசாகா, கடைவீதிகள் உள்ள உமேதா, நம்பா எல்லாம். அலுவலகப் பகுதி என்பதால் ராத்திரி சத்தமும் இருக்காது.

கப்பல் கிளம்பும் அன்று காலையே விமானத்தில் போய் இறங்கினால் ஓர் இரவு வாடகை மிச்சமாகுமே?

மிச்சமாகும். விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் கப்பலும் மிச்சமாகும். குறைந்தது ஒரு நாள் முன்னால் போங்கள், சென்னையிலிருந்து சிங்கப்பூர், பாங்காக் என்று மாறிப் போகிறவர்கள் இரண்டு நாள்.

இரவு விமானத்தில் போய் காலை ஏழு மணிக்கே இறங்குகிறோம். ரூம் கொடுப்பார்களா?

பெரும்பாலும் மாலை மூன்று மணிக்குத்தான் சாவி. கெஞ்சினாலும் சிரித்த முகத்தோடு மூன்று மணி என்பார்கள். ஆனால் பெட்டியைக் காலையிலேயே கொடுத்துவிடலாம், காசு கேட்பதில்லை. ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் தருவார்கள். கப்பலிலிருந்து இறங்கும் நாளும் இப்படித்தான். காலை ஒன்பதுக்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள், நேரே ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சுற்றுங்கள். காலி செய்யும் நேரம் பத்து அல்லது பதினொன்று. அன்றும் மாலை வரை பெட்டியைப் பார்த்துக்கொள்வார்கள்.

வயதானவர்கள் கூட வந்தால், முந்தின இரவுக்கும் சேர்த்து ரூம் போட்டுவிடுவது நல்லது. போடும்போது, மறுநாள் காலைதான் வருவோம் என்று எழுதி அனுப்புங்கள். சொல்லாமல் விட்டால் வரவில்லை என்று ரூமை ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு.

ரூம் உண்மையிலேயே அவ்வளவு சின்னதா?

பிஸினஸ் ஹோட்டல் என்று சொல்லும் வகையில் 12 சதுர மீட்டர் சாதாரணம். நம் கணக்கில் சுமார் 130 சதுர அடி. முதல் பயணத்தில் நானும் என் மனைவியும் இப்படி ஒரு ரூமில் மாட்டினோம். கதவைத் திறந்தால் இடது கை பக்கம் குளியலறை, வலது கை பக்கம் சுவர், நேரே கட்டில், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நகரும் இடம். இரண்டு பெட்டிகளையும் ஒரே நேரத்தில் விரிக்க முடியாது. ஒன்றைக் கட்டிலின் மேல் விரித்து, வேண்டியதை எடுத்து, மூடி நிறுத்திய பிறகு அடுத்தது. அவள் புடவை மடிக்கும்போது நான் குளியலறைக்குள் நின்றுகொண்டேன்.

ஆகவே படத்தைப் பார்க்காதீர்கள், சதுர மீட்டரைப் பாருங்கள். இரண்டு பேர், இரண்டு பெரிய பெட்டி என்றால் 18க்குக் குறையாமல் இருக்கட்டும். 'செமி டபுள்' என்று இருந்தால் ஓடிவிடுங்கள், 120 சென்டிமீட்டர் கட்டிலில் இரண்டு பேர் என்று அர்த்தம். 'டபுள்' ஒரு கட்டில், 'ட்வின்' இரண்டு தனிக் கட்டில். புகை பிடிக்காத ரூமா என்றும் பாருங்கள், புகை ரூம்கள் இன்னும் இருக்கின்றன, வாசனை திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சின்னதாக இருந்தாலும் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. கெட்டில், செருப்பு, பல் துலக்கி எல்லாம் இருக்கும்.

நாங்கள் நான்கு பேர். ஒரே ரூமில் சமாளிக்க முடியாதா?

'கூட ஒரு பாய் போட்டுக்கிறோம்' என்பது அங்கே செல்லாது. ரூமுக்கு எத்தனை பேர் என்று பதிவு செய்தீர்களோ அத்தனை பேர்தான். சின்னக் குழந்தைகள் பெற்றோர் கட்டிலிலேயே படுத்தால் காசு இல்லை என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், ஆனால் குழந்தையையும் கணக்கில் காட்ட வேண்டும். நான்கு பேருக்கு மிமாரு போன்ற அபார்ட்மென்ட் ஹோட்டல்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவில் இருக்கின்றன. சின்னச் சமையலறையும் உண்டு. இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து ரூம் இரண்டு போடுவதுதான் வழி.

பெட்டிகளை எப்படிச் சமாளிப்பது?

ஜப்பானில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: தக்யூபின். பெட்டியை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை. குட்டியைக் கவ்விப் போகும் கறுப்புப் பூனைப் படம் போட்ட வண்டிகள் எல்லாத் தெருவிலும் ஓடும், அது யமாதோ கம்பெனி. ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் படிவத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள். பெட்டியின் அளவையும் தூரத்தையும் பொறுத்துச் சுமார் 2,000 முதல் 3,500 யென். டோக்கியோவில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஒரு தோள் பையோடு புல்லட் ரயிலில் போகலாம்.

கப்பலுக்கே அனுப்பலாமா என்று கேட்பார்கள். முனையத்தில் அன்று வாங்கி வைக்க ஆள் இருந்தால்தான் நடக்கும். கப்பல் கம்பெனி எழுத்தில் உறுதி சொல்லாவிட்டால் நான் செய்ய மாட்டேன். ஹோட்டல் எங்கும் ஓடிவிடாது, கப்பல் அப்படி இல்லை. இறங்கும்போது அனுப்புவது சுலபம். இறங்கும் நாட்களில் முனையத்திலேயே தக்யூபின் கவுண்டர் போடுகிறார்கள். மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியையும் கூடவே கொண்டுபோவதாக இருந்தால்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், தொகாய்தோ, சன்யோ, கியூஷு புல்லட் ரயில்களில் பெட்டிக்கு இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். 2020 மே முதல் இந்த விதி. பதிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை, செய்யாமல் ஏறினால் 1,000 யென்.

டாக்ஸியிலும் பெரிய பெட்டி இரண்டு வைத்தால் டிக்கி நிறைந்துவிடும். நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் இரண்டு டாக்ஸி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எதைப் பார்த்து ரூம் போடுவது?

இரண்டு விஷயம். ஒன்று, ஸ்டேஷனின் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்பது. 'ஸ்டேஷனிலிருந்து 2 நிமிடம்' என்பது படிக்கட்டு வாசலிலிருந்து எடுத்த கணக்காக இருக்கும். லிஃப்ட் வாசல் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் பத்து நிமிடம். இரண்டு, குளியலறை. அச்சில் வார்த்தது போன்ற பிளாஸ்டிக் அறை, உள்ளே நுழையவே ஒரு படி ஏற வேண்டும், பிறகு தொட்டியின் உயரமான விளிம்பைத் தாண்ட வேண்டும். 'யுனிவர்சல்' அல்லது 'பேரியர் ஃப்ரீ' ரூம் கேளுங்கள். ஒரு ஹோட்டலில் இப்படி ஒன்றிரண்டுதான் இருக்கும், முன்னாலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

சைவம். காலைச் சாப்பாடு சேர்த்துப் போடலாமா?

மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அங்கே சிக்கல். மிசோ சூப், வேகவைத்த காய், முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் மீன் சீவல் போட்டுக் காய்ச்சிய தாஷி என்ற சாறு இருக்கும். 'மீன் போடவில்லை' என்று அவர்கள் சொல்வது துண்டு மீனைத்தான். ரொட்டி, பழம், தயிர், சோறு என்று பஃபேயில் ஒப்பேற்றலாம். அதற்குத் தனிக்காசு கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

நாங்கள் செய்தது இது. கன்வீனியன்ஸ் கடையில் பாக்கெட்டில் அடைத்த வெள்ளைச் சோறு கிடைக்கும், அங்கேயே சுடவைத்துத் தருவார்கள். இனிப்பில்லாத தயிர் ஒரு டப்பா. ரூமுக்கு வந்து காகிதக் கிண்ணத்தில் பிசைந்து, ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டோம். அந்தச் சோறு கொஞ்சம் ஒட்டும் ஜாதி, தயிர்சாதத்துக்கென்றே விளைந்தது போல் இருந்தது. பருப்புப் பொடி கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், செடிகொடிகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

டோக்கியோவில் தோசை வேண்டுமென்றால் உவேனோவை ஒட்டிய ஒகாச்சிமாச்சி. இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் நிஷி-கசாய் கொஞ்சம் தள்ளி. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் முழுச் சைவ ராமென் நூடுல்ஸ் கிடைக்கிறது.

இந்திய பாஸ்போர்ட். ஹோட்டலுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. விசா விண்ணப்பத்தில் எந்தத் தேதியில் எங்கே தங்குகிறீர்கள் என்று முகவரியோடு எழுத வேண்டும். ஆகவே காசு கட்டாமல் ரத்து செய்யக்கூடிய ரூம்களை முதலில் போடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் ஜப்பானியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆட்களை ஏற்றி இறக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் பயணத் திட்டத்தில் நடுவே கொரியாவின் பூசான் வரும். பூசான் போனால் ஜப்பானை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒரு முறை நுழையும் விசா அதோடு முடிந்தது. திரும்ப யோகோஹாமாவில் இறங்கி ஹோட்டலுக்குப் போக இன்னொரு நுழைவு வேண்டும். விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தைக் காட்டி, பல முறை நுழையும் விசா கேளுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு உண்டு.

எப்போது விலை ஏறும்?

மார்ச் கடைசி, ஏப்ரல் முதலில் சகுரா என்ற செர்ரிப் பூக்காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக், நாடே விடுமுறையில் கிளம்பும். ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களை நினைக்கும் ஓபோன் விடுமுறை. நவம்பர் பின்பாதியில் கியோட்டோவில் இலை சிவக்கும் காலம். சனிக்கிழமை இரவு எல்லாக் காலத்திலும் விலை அதிகம். தங்கும் வரி தனி. கியோட்டோவில் 2026 மார்ச் முதல் அதை ஏற்றிவிட்டார்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு 6,000 யென் முதல் 20,000க்குள் வரும் ரூமுக்கு 400 யென், லட்சம் யென்னைத் தாண்டினால் 10,000.

இறங்கிய பிறகு இரண்டு இரவு இருக்கிறது. என்ன செய்யலாம்?

யோகோஹாமாவில் இறங்கினால் கியோட்டோவுக்குப் போய்த் திரும்ப இரண்டு இரவு போதாது. ஷின்-யோகோஹாமாவிலிருந்து புல்லட் ரயிலில் போக இரண்டு மணி நேரம்தான், ஆனால் திரும்பி வருவதும் உண்டே. டோக்கியோவிலேயே இருங்கள். கியோட்டோ பார்த்தே தீர வேண்டும் என்றால் ஊர் திரும்பும் விமானத்தைக் கன்சாயிலிருந்து போடுங்கள். கியோட்டோவிலிருந்து ஹருகா ரயில் நேரே அந்த விமான நிலையத்துக்குப் போகும்.

பத்து நாள் கப்பலில் இருந்த துணி மூட்டையாகச் சேர்ந்திருக்கும். காசு போட்டுத் துவைக்கும் மெஷின் பெரும்பாலான பிஸினஸ் ஹோட்டல்களில் உண்டு. தோக்யூ ஸ்டே ஹோட்டல்களில் பல ரூம்களுக்குள்ளேயே வாஷிங் மெஷின் இருக்கிறது. டோர்மி இன் போன்ற இடங்களில் வெந்நீர்ப் பொதுக் குளியல், உடம்பு வலிக்கு அமிர்தம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, ஆனால் துணி இல்லாமல்தான் இறங்க வேண்டும்.

விடிகாலை விமானம் என்றால் கடைசி இரவு ஹனேதா மூன்றாம் முனையத்திலேயே இருக்கும் ஹோட்டல்களில் போடலாம். நரிதா என்றால் நரிதா ஊரிலேயே. பழைய கடைத்தெருவும் நரிதாசான் கோயிலும் இருக்கிறது, மாலைப் பொழுது வீணாகாது.

டாக்ஸிக்காரரிடம் எப்படிச் சொல்வது?

துறையின் பெயரை ஜப்பானிய எழுத்தில் ஹோட்டல் வரவேற்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் பயணத்தில் சகுராகிச்சோவில் டாக்ஸி பிடித்து, அலைபேசியில் கப்பல் படத்தைக் காட்டி 'போர்ட், போர்ட்' என்றேன். வெள்ளைக் கையுறை போட்ட அந்தப் பெரியவர் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து இரண்டே சொல் கேட்டார்: 'ஓசான்பாஷி? தைகோகு?' என் மனைவி கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.